குருத்தைக் கொண்டுபோய் யாரிடம் காட்டுவது?

“அண்ணாச்சி, குருத்துல புழு விழுந்திருக்கு. என்ன மருந்து அடிக்க?”

ஐப்பசிக் கடைசியில் மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்துவிட்டால், சங்கரன்கோவில் வட்டாரத்து மருந்துக்கடைகளில் காலை முதல் இதே கேள்விதான். கேட்பவர் கையில் புஞ்சையிலிருந்து பிடுங்கி வந்த பயிர் ஒன்று இருக்கும். இலையில் வரிசையாக ஓட்டைகள். குருத்துக்குள் ஈர மரத்தூள் போலப் புழுவின் எச்சம். கடைக்காரர் குருத்தைப் பிரித்துப் பார்ப்பார். அலமாரியிலிருந்து ஒரு புட்டியை எடுத்து வைப்பார். டேங்குக்கு எத்தனை மில்லி என்று சொல்வார். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். கையில் காசு இல்லையென்றால் அறுப்புக்குப் பிறகு தருகிற தவணையும் உண்டு.

கேட்டவரின் சட்டைப்பையில் செல்போன் இருக்கிறது. அதில் தமிழக அரசின் உழவன் செயலியை இறக்கிக்கொள்ளலாம். 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்தால் வேளாண்மை படித்த ஒருவர் தமிழில் பதில் சொல்வார். இலையைப் படம் பிடித்துக் காட்டினால் இன்ன நோய் என்று கணிக்கும் செயலிகளும் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இத்தனையும் இருக்க, அவர் பயிரைப் பிடுங்கிக்கொண்டு கடைக்குத்தான் வருகிறார். இதை விவசாயியின் அறியாமை என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அவர் கணக்கு தெளிவானது. கடையில் இருப்பவர் தெரிந்த முகம். பயிரைத் தொட்டுப் பார்க்கிறார். மருந்து கேட்காவிட்டால் நாளை அவரிடமே திரும்பி வந்து சண்டை போடலாம். செல்போன் திரையிடம் யார் போய்ச் சண்டை போடுவது?

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் இருக்கிறது பனவடலிசத்திரம். வடலி என்றால் இளம்பனை. பனையும் வழிப்போக்கர் சத்திரமும் சேர்ந்து ஊருக்குப் பெயராகிவிட்டன. 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டத்தில் இப்போது இருக்கிறது. குற்றால மலையடிவாரத்தை நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் இங்கே ஏமாந்து போவார்கள். மலை தூரத்து நீலமாகத் தெரிவதோடு சரி. சாலையின் இருபுறமும் காற்றாலைகள். அவற்றின் காலடியில் மானாவாரிப் புஞ்சைகள். புஞ்சையை இந்தப் பக்கத்தில் ‘காடு’ என்பார்கள். மக்காச்சோளம், உளுந்து, பாசி, பருத்தி, வத்தல் எல்லாம் வடகிழக்குப் பருவமழை ஒன்றை மட்டும் நம்பி விதைப்பவை. சங்கரன்கோவில் ஆடித்தபசுக்குத் தங்கள் காட்டில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் கொண்டுவந்து சூறைவிடுகிற வழக்கம் இந்த மக்களுக்கு உண்டு. ஒரு மழையும் ஒரு பட்டமும்தான் அவர்களுக்கு ஆண்டு வருமானம்.

அதனால் இங்கே யோசனை என்பது காலத்தோடு வர வேண்டிய சரக்கு. பத்து நாள் பிந்திய நல்ல யோசனை எதற்கும் உதவாது. அதை இந்த வட்டாரம் 2018-ல் கண்ணெதிரே பார்த்தது.

புழு முந்தியது

அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட படைப்புழு, 2016-ல் ஆப்பிரிக்காவில் கால் வைத்தது. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் மக்காச்சோளத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஆண்டு மழைப் பட்டத்துக்குள் தமிழகத்து மக்காச்சோளக் காடுகளுக்கு வந்துவிட்டது. அந்துப்பூச்சி ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் வரை பறக்கக்கூடியது; ஒரு குவியலில் நூறு, இருநூறு முட்டைகள் இடும். தலையில் கவிழ்த்துப் போட்ட ‘ஒய்’ போன்ற கோடு, வால் பக்கத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். அடையாளம் இவ்வளவு எளிதுதான். ஆனால் அன்றைக்குப் பெரும்பாலான விவசாயிகளுக்கு அதைச் சொல்வார் இல்லை. பழைய தண்டுத்துளைப்பான் என்று நினைத்துப் பழைய மருந்தையே அடித்தார்கள்.

புழு சிறிதாக இருக்கும்போது இலையின் மேற்பரப்பைச் சுரண்டும். அப்போது அடித்தால் கட்டுப்படும். வளர்ந்த பிறகு குருத்துக்குள் இறங்கித் தன் எச்சத்தாலேயே வாசலை அடைத்துக்கொள்ளும். அதற்கு மேல் அடிக்கிற மருந்து உள்ளே போகாது. விதைத்த பதினைந்தாவது, இருபதாவது நாள் சொல்லப்பட வேண்டிய சேதி நாற்பதாவது நாள் வந்து பயனில்லை. பெரம்பலூர், அரியலூரிலிருந்து விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி வரை காடு காடாகக் குருத்துகள் சல்லடையாயின. பாதிக்கப்பட்ட மக்காச்சோள விவசாயிகளுக்கு நிவாரணமாகத் தமிழக அரசு அறிவித்த தொகை சுமார் 186 கோடி ரூபாய்.

அதே 2018-ல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம், படைப்புழுவைக் கண்காணிக்க ஒரு செல்போன் செயலியை வெளியிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில்தான் தமிழக அரசும் உழவன் செயலியை, ஒன்பது வகைச் சேவைகளுடன் தொடங்கியது. கருவிகள் பிறந்த வருடமும் காடு அழிந்த வருடமும் ஒன்றே. செயலியில் சேதி இருக்கலாம். அதை எந்த நாளில், எந்தக் காட்டில், யாருக்குச் சொல்வது என்று தெரிந்த மனிதர் ஊருக்குள் இல்லையென்றால் சேதி அங்கேயே கிடக்கும்.

பின்னால் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் கொடுத்த முறை பலன் தந்தது. கடைசி உழவில் வேப்பம்புண்ணாக்கு, விதை நேர்த்தி, வரப்பில் தட்டைப்பயறு, இனக்கவர்ச்சிப் பொறி, குறித்த நாள்களில் மட்டும் மருந்து. இதில் முக்கால்வாசி புழு வருவதற்கு முன்னால் செய்கிற வேலை. கடைக்குப் பயிரைப் பிடுங்கிக்கொண்டு போகிறவர் புழு வந்த பிறகுதான் போகிறார். கடைக்காரர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், வரப்பில் தட்டைப்பயறு போடச் சொல்லும் வாய்ப்பு அவருக்கு அமைவதே இல்லை. வேளாண் விரிவாக்கம் என்ற அரசுப் பணி அதற்காகத்தான் ஏற்பட்டது.

முன்பு ஊருக்குள் வந்தவர்கள்

இந்தக் கரிசல் பகுதிக்கு வேளாண் அறிவியல் புதிதில்லை. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் 1901-ல் ஏற்பட்டது. மானாவாரிப் பருத்திக்கும் சோளத்துக்கும் நூற்றாண்டுக்கு மேலாக வேலை செய்கிற இடம். ‘கே’ என்ற எழுத்தில் தொடங்கும் கருங்கண்ணிப் பருத்தி ரகங்களின் முதலெழுத்து கோவில்பட்டியைக் குறிப்பது. ஆராய்ச்சி நிலையத்துக்கும் காட்டுக்கும் நடுவே நடந்து போக ஒரு ஆள் வேண்டும் என்ற எண்ணம் சுதந்திரத்துக்குப் பிறகு வலுத்தது. 1952 அக்டோபர் 2-ல் சமுதாய வளர்ச்சித் திட்டமும் மறு ஆண்டு அதே நாளில் தேசிய விரிவாக்கப் பணியும் தொடங்கின. கிராம சேவக் என்ற புதிய மனிதர் சைக்கிளில் ஊருக்குள் வந்தார்.

பிறகு வானொலி வந்தது. 1960களின் நடுவில் ஆடுதுறையின் ஏ.டி.டி.27 நெல் தஞ்சாவூர்ப் பகுதியில் பரவியபோது, பண்ணை நிகழ்ச்சிகளில் கேட்டு விதைத்த மக்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தொழில்நுட்பத்துக்குத் தமிழ் விவசாயி கதவைச் சாத்தினார் என்று சொல்கிறவர்கள் இந்தப் பெயரை நினைத்துப் பார்க்க வேண்டும். ரேடியோ சொன்னதை அவர் கேட்டார். ஏனென்றால் அது அவர் பேச்சில், அவர் பட்டத்தில் பேசியது. கேட்டதைச் சரிபார்க்க ஊருக்குள் கிராம சேவக் இருந்தார்.

1980களின் தொடக்கத்தில் உலக வங்கி உதவியுடன் ‘பயிற்சியும் பார்வையிடலும்’ என்ற முறை தமிழகத்துக்கு வந்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, குறித்த கிழமையில், குறித்த ஊரில் அலுவலர் நிற்க வேண்டும் என்பது அதன் விதி. மேலிருந்து கட்டளையிடும் முறை என்று அதன் மீது குறை உண்டு, நியாயமான குறைதான். ஆனால் ‘இன்ன கிழமை வருவார்’ என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது.

அதன் பிறகு கதை இறங்குமுகம். 2003-ல் நாடு முழுவதும் நடந்த தேசிய மாதிரி ஆய்வில், ஏதாவது ஒரு வழியில் தொழில்நுட்ப யோசனை பெற்றதாகச் சொன்ன விவசாயக் குடும்பங்கள் நூற்றுக்கு 40 மட்டுமே. சக விவசாயியிடம் கேட்டவர்கள் 16.7 சதவீதம். கடைக்காரரிடம் கேட்டவர்கள் 13.1. அரசின் விரிவாக்கப் பணியாளரிடமிருந்து பெற்றவர்கள் 5.7. பத்தாண்டு கழித்து நடந்த அடுத்த ஆய்விலும் 59 சதவீதக் குடும்பங்களுக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் யோசனை கிடைக்கவில்லை. மருந்துக்கடைதான் நடைமுறையில் வேளாண் ஆலோசனை நிலையம் என்பதை மத்திய அரசு நிறுவனமே ஏற்றுக்கொண்டது என்று சொல்லலாம். ஐதராபாத்தில் உள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம், இடுபொருள் கடைக்காரர்களுக்கென்றே ஓராண்டுப் பட்டயப் படிப்பை 2003-ல் தொடங்கியது. நல்ல முயற்சி. கடைக்காரர் படித்தவராகிறார், ஆனாலும் அவர் பிழைப்பு புட்டி விற்பதில்தான் இருக்கிறது.

பதிவேடு செல்போனுக்கு மாறியபோது

இன்று சங்கரன்கோவில் பக்கத்து விவசாயி டிஜிட்டல் தொழில்நுட்பத்தைத் தொடாமல் ஒரு பட்டத்தைக் கடக்க முடியாது. உரக்கடையில் யூரியா மூட்டை வாங்க ஆதார் எண்ணும் கைரேகையும் வைக்க வேண்டும். 2018 முதல் நாடெங்கும் இதுதான் முறை. பிரதமர் கிசான் திட்டத்தின் ஆண்டுக்கு 6,000 ரூபாய்க்கு ஓ.டி.பி. வேண்டும். பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கலை வாங்கிக்கொண்டு இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்க வேண்டும். இப்போது நில உடைமையோடு இணைந்த தனித்துவ அடையாள எண்ணும் சேர்ந்திருக்கிறது. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாமல், மகனையோ மகளையோ அழைத்துவந்து அவர்கள் விரலை வைத்து உரம் வாங்கிப் போகிறவர்கள் உண்டு.

இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. மானியம் உரியவருக்குப் போக வேண்டும், உரம் கடத்தப்படக் கூடாது என்பவை சரியான நோக்கங்கள். ஆனால் இவை அனைத்தும் விவசாயியிடம் அரசு கேட்கும் கேள்விகள். நீ யார், உன் நிலம் எங்கே, என்ன விதைத்தாய் என்று அரசு கேட்கிறது. அவர் பதில் சொல்கிறார். குருத்தில் புழு விழுந்திருக்கிறதே என்று அவர் கேட்கும் கேள்விக்கான கருவியில் இதே அக்கறையும் பணமும் இறங்கவில்லை. டிஜிட்டல் வேளாண்மை பற்றிய பேச்சில் எல்லோரும் தாண்டிப் போகிற இடம் இதுதான்.

இந்தப் பதிவு வேலை யார் தலையில் விழுந்தது? உதவி வேளாண்மை அலுவலர் தலையில். பயிரைப் பார்க்க வேண்டியவர் பயனாளியின் எண்ணைப் பதிகிறார். கரோனா ஊரடங்கு நேரத்தில், 2020-ல், அலுவலர்களின் கடவுச்சொற்கள் கைமாறி, பிரதமர் கிசான் பட்டியலில் தகுதியில்லாத ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தமிழகத்தில் ஏற்றப்பட்டார்கள். சுமார் 110 கோடி ரூபாய் தவறான கணக்குகளுக்குப் போனது. சி.பி.சி.ஐ.டி. விசாரணை வரை சென்ற விவகாரம் அது. கணினி தானாகத் தவறு செய்யவில்லை. ஆளைக் குறைத்துப் பதிவைக் கூட்டினால் கடவுச்சொல் கடைத்தெருவுக்கு வந்துவிடும்.

மத்திய அரசு 2024 செப்டம்பரில் 2,817 கோடி ரூபாய் மதிப்பில் டிஜிட்டல் வேளாண்மை இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. அதன் ஒரு பகுதி, ஒவ்வொரு சர்வே எண்ணிலும் என்ன பயிர் நிற்கிறது என்று செல்போனில் பதியும் கணக்கெடுப்பு. அந்த நவம்பரில் தமிழகத்தில் இந்த வேலைக்கு வேளாண் கல்லூரி மாணவ, மாணவியர் காடுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். மழைக்காலத்தில், பழக்கமில்லாத ஊர்களில், பாம்பு பூச்சிக்கு நடுவே பிள்ளைகள் சர்வே எண்ணைத் தேடி அலைந்தது அப்போது பெரிய விவாதமானது. வேளாண்மை படிக்கும் ஒரு பிள்ளை காட்டுக்கு வருவது நல்லதுதான். வந்தவரிடம் விவசாயி தன் பயிரைக் காட்டிக் கேட்க நேரம் இருந்திருந்தால் இன்னும் நல்லது.

நிலம் தாத்தா பெயரில் கூட்டுப்பட்டாவாக இருக்கிறவர், வாரத்துக்கோ குத்தகைக்கோ உழுகிறவர் நிலைமை இன்னும் கடினம். உழுகிறவருக்கும் பட்டாவில் இருக்கும் பெயருக்கும் நடுவே இருக்கிற தூரத்தை எந்தச் செயலியும் அளப்பதில்லை. களையெடுப்பும் பறிப்பும் பெரும்பாலும் பெண்கள் கையில். பட்டா ஆண் பெயரில். அதோடு இணைந்த செல்போன் எண்ணும் அவருடையதே. குருத்தில் முதல் ஓட்டையைப் பார்க்கிறவர் களையெடுக்கும் பெண்ணாகவே இருப்பார். எச்சரிக்கைச் செய்தி அவர் கைக்கு வருவதில்லை.

திண்ணையும் ஒலிபெருக்கியும்

வெற்றி பெற்ற முயற்சிகள் இல்லாமல் இல்லை. அவற்றில் ஒன்று தமிழ் பேசும் மண்ணிலேயே நடந்தது. 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரத்தை இணையத்தில் பார்த்து, ஊர் ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு அறிவித்தார்கள். கணினியை இயக்கியவர்கள் ஊர்க்காரர்கள், பலர் பெண்கள். 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் சொன்ன எச்சரிக்கை நல்லவாடு கிராமத்தின் ஒலிபெருக்கியில் ஒலித்தது. மக்கள் கடற்கரையை விட்டு ஓடித் தப்பினார்கள்.

குஜராத்தின் சுரேந்திரநகர் மாவட்டத்தில் 40 கிராமங்களின் 1,200 பருத்திக் குடும்பங்களிடம் நடந்த பரிசோதனையும் கவனிக்கத்தக்கது. விவசாயி தொலைபேசியில் தன் கேள்வியைப் பேசிப் பதிவு செய்வார். வேளாண் நிபுணர் பதிலைக் குரலில் திருப்பித் தருவார். வாரம் ஒருமுறை பொது யோசனையும் குரலாக வரும். எழுத்துப் படிக்க வேண்டாம், திரையைத் தேய்க்க வேண்டாம். இந்தச் சேவையைப் பயன்படுத்தியவர்கள் நச்சு மிகுந்த மருந்துகளிலிருந்து, பூச்சிக்கு ஏற்ற மருந்துக்கு மாறியதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அந்தச் சேவையின் குஜராத்திப் பெயருக்குக் ‘குரல் திண்ணை’ என்று பொருள் சொல்லலாம். பெங்களூரில் 2006-ல் தோன்றிய டிஜிட்டல் கிரீன் அமைப்பு அந்தந்த வட்டாரத்து விவசாயிகளையே வைத்து வீடியோ எடுத்துக் காட்டியது. பார்த்தவர்கள் முதலில் கேட்டது, “இவர் எந்த ஊர்?” என்பதுதானாம்.

எந்த ஊர் என்ற கேள்வியில் எல்லாம் அடங்கியிருக்கிறது. பனவடலிசத்திரத்துக்காரருக்குக் காவிரிப் பாசனத்து யோசனை வேண்டாம். தன் காட்டில் இந்த வாரம் மழை உண்டா, உளுந்துக்கு அடுத்த உழவு எப்போது என்பதுதான் வேண்டும். அந்த அறிவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் மாவட்டவாரியாக வேளாண் வானிலை அறிக்கைகள் வெளியாகின்றன. மேகதூத் என்ற செயலியில் தமிழிலும் கிடைக்கின்றன. ஆனால் இந்தச் சேவையை மாவட்டத்துக்கு நெருக்கமாகக் கொண்டுபோக வேளாண் அறிவியல் நிலையங்களில் அமைத்த 199 மாவட்ட வானிலைப் பிரிவுகளை மத்திய அரசு 2024 மார்ச்சோடு மூடிவிட்டது. செய்தியைத் தானியங்கி தயாரிக்கும், ஆள் எதற்கு என்பது அதன் பின்னிருந்த எண்ணம். மானாவாரி விவசாயிக்கு இதைவிடப் பெரிய தீங்கு செய்ய முடியாது. மழைக் கணிப்பை உழவுக் கணிப்பாக மாற்றிச் சொன்னவர்கள் அந்த மனிதர்கள்தான்.

ட்ரோனைப் பற்றியும் சொல்ல வேண்டும். 15,000 பெண்கள் குழுக்களுக்கு ட்ரோன் தரும் திட்டத்துக்கு மத்திய அரசு 2023 நவம்பரில் 1,261 கோடி ரூபாய் ஒதுக்கியது. விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் வரை மானியம். மருந்தடிக்க ஆள் கிடைக்காத ஊர்களில், ஆளுயர மக்காச்சோளத்துக்கு ட்ரோன் பயனுள்ள கருவி. மருந்துப் புகையில் நெஞ்சு எரிய நடக்க வேண்டாம் என்பதே பெரிய விடுதலை. ஆனால் எந்த மருந்தை, எந்த நாளில் என்ற பழைய கேள்விக்குப் பதில் தெரியாமல் பறந்தால், தவறான மருந்து இன்னும் வேகமாகக் காட்டில் விழும்.

தமிழக அரசு 2021-லிருந்து வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை போடுகிறது. வேளாண் பட்டதாரிகளைக் கொண்டு ஆயிரம் உழவர் நல சேவை மையங்கள் என்று 2025 மார்ச்சில் அறிவித்தது. அதே ஆண்டு, அலுவலர்கள் ஊருக்கே வரும் ‘உழவரைத் தேடி’ முகாம்களையும் தொடங்கியது. திசை சரியானது. கடைக்காரரைப் போல நிரந்தரமாக அங்கே இருக்கிற, ஆனால் புட்டி விற்றுப் பிழைக்க வேண்டாத ஒருவர் ஊருக்கு வேண்டும். அவர் கையில் செல்போன் இருந்தால் அது வேலை செய்யும். அவர் இல்லாத ஊரில் அது பதிவேடாக மட்டும் இருக்கும்.

உழவன் செயலியிலேயே உதவி வேளாண்மை அலுவலர் எந்த நாளில் எந்த ஊருக்கு வருகிறார் என்று பார்க்க ஒரு பகுதி இருக்கிறது. அதைத் திறந்து பாருங்கள். அந்த அட்டவணையை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை வானிலை அறிக்கையைக் கோயில் மைக் செட்டில் வாசிக்க, ஊரில் படித்த ஒரு பெண்ணை ஏற்பாடு செய்யுங்கள். அலுவலர் இடம் காலியாக இருந்தால் அதை நிரப்பும்படி கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகளில் ஆகஸ்ட் 15 விதைப்புக்கு முன்னால் வருகிறது. அக்டோபர் 2 விதைப்பு நேரத்தில் வருகிறது. நவம்பர் 1 வரும்போது குருத்தில் புழு இறங்கும் காலம்.